இரட்டை ஆக்சில் படகு டிரெய்லரில் தேய்ந்த ஸ்பிரிங் பட்டைகளை மாற்றுதல்

துடுப்பு:

அனைவருக்கும் வணக்கம். ஹூஸ்டனுக்குத் தெற்கே கால்வெஸ்டன் விரிகுடாவை ஒட்டி வசிக்கிறேன். 24 அடி நீளமுள்ள சென்டர் கன்சோல் படகையும், அதை ஏற்றிச் செல்லும் இரட்டை ஆக்சில் டிரெய்லரையும் வைத்திருக்கிறேன். கால்வனைஸ் செய்த (துத்தநாகம் பூசிய) எஃகுச் சட்டம். ஒவ்வொரு ஆக்சிலும் 3,500 பவுண்டு தாங்கக்கூடியது. இரு முனையிலும் கண் (போல்ட் நுழையும் வளையம்) உள்ள நான்கு பட்டைக் கட்டுகள் (அடுக்கிய எஃகு ஸ்பிரிங் பட்டைகள்), ஒவ்வொரு பக்கமும் நடுவில் முன் கட்டையும் பின் கட்டையும் இணைத்து எடையைப் பகிரும் ஈக்வலைசர். படகை இறக்குவது எப்போதும் உப்புநீரில்தான், பெரும்பாலும் டெக்சஸ் சிட்டி டைக்கில்.

பட்டைகளுக்கு இடையே துரு ஊறி, அவை ஒன்றை ஒன்று தள்ளிக்கொண்டு விரிந்து நிற்கின்றன. இடது பின் கட்டில் இரண்டாம் பட்டை குறுக்கே உடைந்திருக்கிறது. அதே பக்கத்துப் பின் டயர் மட்கார்டின் பின் விளிம்பை நோக்கி ஏறத்தாழ அரை அங்குலம் நகர்ந்திருப்பதும், ஈக்வலைசரின் பின் கை தாழ்ந்து நிற்பதும் கண்ணுக்கே தெரிகிறது.

உடைந்த ஒன்றை மட்டும் மாற்றினால் போதுமா? மாற்றுவதென்றால் அதிக எடை தாங்கும் கட்டாக வாங்கிவிடலாமா? வீட்டு முற்றத்தில் வைத்தே செய்யக்கூடிய வேலையா? அனுபவமுள்ளவர்கள் வழிகாட்ட வேண்டுகிறேன்.

பட்டறைக்காரன்:

தம்பி, நாமக்கல்லில் லாரிப் பட்டறையில் கட்டு வேலை பழகி, இப்போது டெக்சஸில் டிரெய்லர் வேலை பார்ப்பவன் என்ற முறையில் எழுதுகிறேன். நான்கையும் மாற்றுங்கள். ஒரே நாளில் ஒரே உப்புநீரில் இறங்கிய கட்டுகளில் ஒன்று உடைந்துவிட்டதென்றால் மற்ற மூன்றும் அதே நிலையை நெருங்கிவிட்டன என்றுதான் கொள்ள வேண்டும்.

ஆனால் நீங்கள் எழுதியதில் என் கவனத்தை இழுத்தது உடைந்த பட்டை அல்ல, பின்னுக்கு நகர்ந்த டயர்தான். இந்த அமைப்பில் பின் கட்டின் முன் கண், ஷாக்கிள் என்ற அசையும் இணைப்புத் தகடுகள் வழியாக ஈக்வலைசரில் தொங்குகிறது. அந்த முனை ஆக்சிலை முன்பின்னாகப் பிடித்து நிறுத்தாது. பின் ஆக்சிலை அதன் இடத்தில் நிறுத்துவது பின் ஹேங்கரில் (சட்டத்தில் கட்டின் முனையைப் பிடிக்கும் தாங்கி) உள்ள ஒற்றை போல்ட்தான். ஆகவே அரை அங்குல நகர்வுக்கு இரண்டு காரணங்களில் ஒன்று இருக்க வேண்டும். ஒன்று, பின் ஹேங்கரில் புஷ் (போல்ட்டைச் சுற்றியுள்ள உறை) கரைந்து, போல்ட் தேய்ந்து, துளை நீள்வட்டமாகியிருக்கலாம். இரண்டு, பட்டைகளை நடுவில் கோர்க்கும் சென்டர் போல்ட் அறுந்து, கட்டை ஆக்சிலோடு பிணைக்கும் யு-போல்ட்டுகளின் இறுக்கத்தை மட்டுமே நம்பி ஆக்சில் கட்டின் மேல் வழுக்கியிருக்கலாம். இரண்டாவதாக இருந்தால் அந்த டிரெய்லரை இனி ஒரு மைலும் இழுக்கக் கூடாது.

புதுக் கட்டு மட்டும் வாங்கிப் பழைய ஹேங்கர், பழைய ஷாக்கிள், பழைய ஈக்வலைசரில் மாட்டுகிறவர்களை நிறையப் பார்க்கிறேன். சாலையோரம் நின்றுபோகும் டிரெய்லர்களில் என் கைக்கு வந்தவற்றில் பெரும்பாலானவை பட்டை உடைந்து நின்றவை அல்ல. ஷாக்கிள் தகடு அறுந்தோ, ஈக்வலைசர் போல்ட் தேய்ந்து விழுந்தோ நின்றவை. கட்டுகளோடு ஷாக்கிள் தகடுகள், எல்லாப் போல்ட்டுகள், புஷ்கள், இரண்டு ஈக்வலைசர்கள், யு-போல்ட்டுகள் அனைத்தையும் சேர்த்தே வாங்குங்கள். யு-போல்ட்டை ஒருமுறை இறுக்கிவிட்டால் அது இழுபட்டுவிடும். கழற்றியதை மறுபடி போடக் கூடாது.

அதிக எடைக் கட்டு வேண்டாம். டிரெய்லரின் தாங்குதிறனை ஆக்சில், டயர், சட்டம், கப்ளர் (இழுவை வாகனத்தோடு பூட்டும் முனை) ஆகியவற்றில் எது பலவீனமானதோ அதுதான் தீர்மானிக்கிறது. கட்டை மட்டும் விறைப்பாக்கினால், குழியில் விழும் அடி வளையாத பட்டையைக் கடந்து நேரே ஹேங்கர் வெல்டிங்குக்கும் படகின் அடிப்பாகத்துக்கும் போகும்.

வரைபலகை:

மிச்சிகனில் இயந்திரப் பொறியாளராக இருக்கிறேன். பட்டறைக்காரன் அண்ணன் சொன்னவற்றோடு உடன்படுகிறேன்; அதற்கான காரணங்களைச் சற்று விரித்துச் சொல்கிறேன்.

பட்டைக் கட்டின் விறைப்பு, பட்டைகளின் எண்ணிக்கைக்கும் அகலத்துக்கும் நேர் விகிதத்திலும், தடிமனின் மும்மடிக்கு நேர் விகிதத்திலும், நீளத்தின் மும்மடிக்கு எதிர் விகிதத்திலும் அமைகிறது. துரு ஒரு பட்டையின் தடிமனில் பத்தில் ஒரு பங்கைத் தின்றுவிட்டால் விறைப்பு ஏறத்தாழ 27 சதவீதம் குறையும். அதே எடைக்கு உலோகத்தில் ஏற்படும் தகைவு ஏறத்தாழ 23 சதவீதம் கூடும். அதோடு துரு சமமாகத் தின்பதில்லை. சிறு சிறு குழிகளாகத் தின்கிறது, அந்தக் குழிகளின் அடியிலிருந்துதான் சோர்வு விரிசல் (திரும்பத் திரும்ப வளைவதால் வரும் விரிசல்) தொடங்குகிறது. பட்டைகளை வலுக்கட்டாயமாக விரித்து நிறுத்தும் துருவின் அழுத்தமும் இதோடு சேர்கிறது. வெளியே பார்ப்பதற்கு ஓரளவு நன்றாக இருக்கும் கட்டு திடீரென்று உடைவதற்கு இதுவே காரணம்.

பலரும் நம்பும் ஒரு கருத்தைத் திருத்த விரும்புகிறேன். ஒரு கட்டு தளர்ந்தால் அதன் எடை அதே பக்கத்தின் மற்றக் கட்டுக்குப் போய்விடும் என்பார்கள். ஈக்வலைசர் தடையின்றித் திரும்பும் வரை அப்படி நடக்காது. அதன் இரு கைகளும் ஒரே நீளம் என்பதால், ஒரு பக்கத்து இரண்டு கட்டுகளும் எப்போதும் ஏறத்தாழச் சமமான எடையையே சுமக்கும். தளர்ந்த கட்டின் பக்கம் ஈக்வலைசரின் கை தாழும், அவ்வளவுதான். உங்கள் டிரெய்லரில் பின் கை தாழ்ந்திருப்பது உடைந்த பின் கட்டோடு பொருந்துகிறது. ஆயினும் கப்ளரின் உயரம் தவறாக இருந்து டிரெய்லர் முன்பின்னாகச் சாய்ந்து நின்றாலும் ஈக்வலைசர் சாயும் என்பதால், சட்டத்தை மட்டமாக்கிய பிறகே அதைப் படிக்க வேண்டும். ஆபத்து எங்கே என்றால், சாய்ந்து நிற்கும் ஈக்வலைசருக்கு ஒரு திசையில் அசைய இடம் மிச்சமிருக்காது. பெரிய மேட்டில் ஏறும்போது அது சட்டத்தில் முட்டும். முட்டிய நொடியில் அந்தப் பக்கத்து எடை இரண்டாகப் பிரிவது நின்றுபோகும்.

வலம் இடமாக இப்படி எதுவும் எடையைச் சமன் செய்வதில்லை. இடப்பக்கம் புதுக் கட்டும் வலப்பக்கம் பழைய கட்டும் இருந்தால் படகு வலப்பக்கம் சாய்ந்தே செல்லும். நான்கையும் மாற்றச் சொல்வதற்கு அது இன்னொரு காரணம்.

அளவெடுப்பதில் ஓர் எச்சரிக்கை. விற்பனைப் பட்டியல்களில் இருக்கும் நீளம், எடை ஏறாத புதுக் கட்டின் ஒரு கண் மையத்திலிருந்து மறு கண் மையத்துக்கு உள்ள நேர்கோட்டு நீளம். தளர்ந்து தட்டையான கட்டை அப்படி அளந்தால் கூடுதலாகக் காட்டும், தவறான கட்டை வாங்கிவிடுவீர்கள். தளர்ந்தாலும் மாறாதது, கண்கள் உள்ள மெயின் பட்டையின் வளைவு வழி நீளம். 25¼ அங்குல நேர்கோட்டு நீளமும் 3 அங்குல வளைவும் உள்ள புதுக் கட்டில் வளைவு வழி நீளம் ஏறத்தாழ ஓர் அங்குலம் கூடுதலாக, 26¼ அங்குலத்துக்குச் சற்றுக் குறைவாக இருக்கும். துணி டேப்பைப் பட்டையின் மேலேயே படியவைத்து அளந்து ஒப்பிடுங்கள்.

துடுப்பு:

இருவருக்கும் மிக்க நன்றி. நீங்கள் சொன்னபடி அளந்தேன். பட்டையின் அகலம் 1¾ அங்குலம், கட்டுக்கு நான்கு பட்டைகள், வளைவு வழி நீளம் 26 அங்குலத்தை ஒட்டி வருகிறது, இரண்டு ஆக்சில்களுக்கும் இடைவெளி 33 அங்குலம். ஆகவே 25¼ அங்குல நீளமும், ஒவ்வொன்றும் 1,750 பவுண்டு தாங்கும் திறனும் கொண்ட கட்டுகள் என்று முடிவு செய்திருக்கிறேன்.

எடையையும் ஊகிக்காமல், நெடுஞ்சாலை லாரி நிறுத்தத்தில் உள்ள எடைமேடையில் நிறுத்திப் பார்த்தேன். படகில் அரைத் தொட்டி பெட்ரோலுடன் டிரெய்லரின் நான்கு டயர்கள் மேல் மட்டும் 6,150 பவுண்டு இருக்கிறது. பெட்ரோல் காலனுக்கு ஆறு பவுண்டுக்குச் சற்று மேல் என்பதால், 100 காலன் தொட்டியை நிரப்பினால் இன்னும் 300 பவுண்டு கூடும். 7,000 பவுண்டு வரம்புக்குள்தான் இருக்கிறேன். ஆனால் ஐஸ் பெட்டிகளையும் மீன்பிடிச் சாமான்களையும் அள்ளிப்போட இடமில்லை என்று தெரிந்துகொண்டேன்.

சென்டர் போல்ட் தலை ஆக்சில் மேலுள்ள இருக்கையின் துளையில் சரியாகவே உட்கார்ந்திருக்கிறது. பின் ஹேங்கர்தான் குற்றவாளி என்று தோன்றுகிறது. கடப்பாரையை நுழைத்து நெம்பினால் போல்ட் முன்னும் பின்னும் ஆடுகிறது. ஹேங்கர் சட்டத்தோடு வெல்டிங் செய்யப்படவில்லை, போல்ட்டால் பிணைக்கப்பட்டிருக்கிறது. படகு மேலே இருக்கும்போதே இந்த வேலையைச் செய்யலாமா, துருப்பிடித்த போல்ட்டுகளை எப்படி எடுப்பது என்று சொல்லுங்கள்.

ஏரிக்கரை:

வணக்கம். ரொறன்ரோவில் இருந்து எழுதுகிறேன். எங்களுடைய ஒன்ராறியோ ஏரி நன்னீர்தான், ஆனால் குளிர்காலத்தில் வீதிகளில் கொட்டுகிற உப்பு உங்கள் கடலுக்குக் குறைந்தது அல்ல. ஹேங்கர் போல்ட்டால் பிணைக்கப்பட்டிருப்பது உங்களுக்கு நல்ல காலம். கால்வனைஸ் செய்த சட்டத்தில் வெல்டிங் செய்தால் துத்தநாகப் புகை எழும்பும். அதைச் சுவாசித்தவருக்குக் காய்ச்சலும் நடுக்கமும் வரும்.

இயலுமானால் படகைத் தண்ணீரில் ஒரு தரிப்பிடத்தில் விட்டுவிட்டு, வெறும் ட்ரெயிலரில் வேலை செய்யுங்கள். அது இயலாவிட்டால் ட்ரெயிலரை இழுவை வாகனத்தோடு பூட்டியே வைத்து, சமமான கொங்கிறீற் தரையில் நிறுத்தி, மறுபக்கத்துச் சில்லுகளுக்கு முன்னும் பின்னும் தடைக்கட்டை கொடுங்கள். ஜக்கைச் சட்டத்தின் கீழேதான் வைக்க வேண்டும். ஆக்சில் குழாயின் நடுவில் வைத்துத் தூக்கினால் குழாய் வளைந்துபோகும், பிறகு ரயர்கள் ஒரு பக்கமாகத் தேயத் தொடங்கும். தூக்கிய பிறகு எடையைத் தாங்க வேண்டியது ஸ்ராண்டுகள் (அசையாத தாங்கிகள்). ஜக்கை மட்டும் நம்பி ஒருபோதும் கீழே கையையோ தலையையோ கொடுக்காதீர்கள். அலுமினிய ஐ-பீம் சட்டம் வைத்திருக்கும் மற்ற நண்பர்கள், ஜக்குக்கும் சட்டத்துக்கும் இடையில் தடித்த பலகை வைத்து, குறுக்குச் சட்டம் சேரும் இடத்துக்கு அருகில் தூக்க வேண்டும்.

போல்ட்டுகளை வெட்டுவது பற்றி ஒன்றை மிகவும் வலியுறுத்திச் சொல்கிறேன். உங்கள் தலைக்கு மேலே 50 கலன் பெற்றோல் இருக்கிறது. எரிவாயு விளக்கால் சூடாக்குவதும், எரிபொருள் தாங்கியின் காற்றுத் துளைக்கு அருகில் கிரைண்டரால் பொறி பறக்க வெட்டுவதும் கூடாது. ரம்ப மெஷினில் உலோகம் வெட்டும் நீளமான அலகைப் பூட்டி, ஹேங்கருக்கும் கட்டின் கண்ணுக்கும் இடையில் நுழைத்து, எண்ணெய் விட்டு மெதுவாக அறுத்தால் பொறி ஏறத்தாழ வராது. முதல் நாளே துருக்கு ஊடுருவும் எண்ணெய் தெளித்துவிட்டால், அறுக்காமலே கழரும் போல்ட்டுகளும் சில இருக்கும்.

பட்டறைக்காரன்:

தம்பி ஏரிக்கரை சொன்ன பாதுகாப்பு முறைகள் அனைத்தும் சரி. இனி வேலையின் வரிசையைச் சொல்கிறேன்.

இரண்டு ஆக்சில்களையும் ஒரே நேரத்தில் கழற்றாதீர்கள். ஓர் ஆக்சிலின் ஒரு முனையை முடித்து மறு முனைக்குப் போனால் ஆக்சில் தன் இடத்திலேயே நிற்கும், தனியாகவே சமாளிக்கலாம். ஆக்சிலின் கீழ் இரண்டாவது ஜாக்கி ஒன்றைத் தாங்கலாக மட்டும் வையுங்கள். அது டிரெய்லரைத் தூக்குவதற்கு அல்ல, கட்டைக் கழற்றும்போது ஆக்சில் தொங்காமல் இருப்பதற்கு. பிரேக் ஹோஸ் சட்டத்திலிருந்து ஆக்சிலுக்கு இறங்குகிறது அல்லவா, ஆக்சிலின் எடை அதில் தொங்கினால் ஹோஸ் உள்ளுக்குள் கிழிந்துவிடும், வெளியே தெரியாது.

யு-போல்ட்டை வாங்குமுன் ஆக்சிலைப் பாருங்கள். படகு டிரெய்லர்களில் பல 2 அங்குலச் சதுர ஆக்சிலில் வருகின்றன. அதற்குச் சதுர வளைவுள்ள யு-போல்ட் வேண்டும். உருண்டைக் குழாய் என்றால் 3,500 பவுண்டு ஆக்சிலுக்குப் பெரும்பாலும் 2⅜ அங்குல விட்டம். ஆக்சிலைத் தலைகீழாகத் திருப்பி மாட்டிவிடாதீர்கள். நேராகத் தெரியும் ஆக்சிலிலும் நடுவில் சிறு மேல்நோக்கிய வளைவு வைத்திருப்பார்கள்.

கட்டை ஏற்றும்போது சென்டர் போல்ட்டின் தலை இருக்கையின் துளைக்குள் இறங்கியதை விரலால் தடவிப் பார்த்த பிறகே யு-போல்ட்டை முடுக்க வேண்டும். அது விளிம்பில் ஏறி நின்றால் இறுக்கும்போது இறுகிவிட்டதுபோல்தான் தெரியும், ஓடியபின் தளரும். நான்கு நட்டுகளையும் குறுக்கு மறுக்காகச் சிறிது சிறிதாக ஏற்றுங்கள். ஆக்சில் தயாரிக்கும் டெக்ஸ்டர் நிறுவனத்தின் கையேட்டில் அரை அங்குல யு-போல்ட்டுக்கு 45 முதல் 70 அடி-பவுண்டு இறுக்கம் என்று கொடுத்திருக்கிறார்கள். அதே கையேடு ஷாக்கிள் போல்ட்டுக்கும் கண் போல்ட்டுக்கும் 30 முதல் 50 வரைதான் சொல்கிறது, பாகங்கள் தடையின்றித் திரும்ப வேண்டும் என்ற குறிப்போடு. இந்த வேறுபாட்டைக் கவனியுங்கள். யு-போல்ட் பிடித்து அழுத்துவதற்காக இருக்கிறது. ஷாக்கிள் போல்ட் அசைவதற்காக இருக்கிறது. எல்லாவற்றையும் ஒரே வேகத்தில் இம்பாக்ட் துப்பாக்கியால் முடுக்குகிறவர்கள் ஷாக்கிளைப் பூட்டிப்போட்டு விடுகிறார்கள், பிறகு கட்டு வளைய முடியாமல் கண்ணில் உடைகிறது.

கண் போல்ட்டின் கழுத்தில் பல் பல்லாக வரி இருக்கும். அது ஹேங்கரின் துளையில் கடித்து நின்று போல்ட் சுழலாமல் காக்கும். அதைச் சுத்தியால் தட்டி உட்கார வைத்து, நட்டை மட்டுமே திருப்புங்கள். தலையைத் திருப்பினால் பற்கள் துளையையே ராவி அகலமாக்கிவிடும். உங்கள் பின் ஹேங்கரின் துளை நீண்டதற்கும் அப்படி ஒரு தொடக்கம் இருந்திருக்கலாம்.

அலையோசை:

ஃபுளோரிடாவிலிருந்து ஒரு மாற்றுக் கருத்து. இவ்வளவு பாகங்கள், இவ்வளவு போல்ட்டுகள் என்று பார்க்கும்போது, இரண்டு டார்ஷன் ஆக்சில்கள் வாங்கி மாட்டிவிடுவதுதான் நல்லது என்று நினைக்கிறேன். பட்டை இல்லை, ஷாக்கிள் இல்லை, ஈக்வலைசர் இல்லை. குழாய்க்குள் உள்ள ரப்பர்தான் எடையைத் தாங்குகிறது. பயணமும் மென்மையாக இருக்கும்.

வரைபலகை:

அலையோசை அவர்களே, ஒற்றை ஆக்சில் டிரெய்லர் என்றால் உங்களோடு உடன்பட்டிருப்பேன். இரட்டை ஆக்சிலில் ஈக்வலைசர் இல்லாதது வசதி அல்ல, இழப்பு. டார்ஷன் ஆக்சில்கள் தனித்தனியாக இயங்குவதால், கப்ளர் சற்று உயர்ந்தால் பின் ஆக்சிலும், தாழ்ந்தால் முன் ஆக்சிலும் கூடுதல் எடையைச் சுமக்கும். சாய்தளத்தின் விளிம்பைக் கடக்கும் நேரத்தில் மொத்த எடையும் ஓர் ஆக்சிலில் இறங்கலாம். இழுவை வாகனத்தையும் கப்ளர் உயரத்தையும் மாற்றாமல் எப்போதும் மட்டமாக இழுப்பவர்களுக்கு அவை நன்றாகவே உழைக்கின்றன, அதை மறுக்கவில்லை.

ஏரிக்கரை:

அதோடு, டார்ஷன் ஆக்சில் பழுதானால் முழு ஆக்சிலையும்தான் மாற்ற வேண்டும். குழாய்க்குள்ளே துருப் பிடித்தாலும் வெளியில் தெரியாது. பட்டைக் கட்டு தன்னுடைய நோயைப் பல மாதங்களுக்கு முன்பே வெளியில் காட்டுகிறது, துடுப்பு அவர்கள் கண்டதைப்போல.

துடுப்பு:

பட்டைக் கட்டோடேயே இருப்பதென்று முடிவு செய்துவிட்டேன். கால்வனைஸ் செய்த கட்டா, பெயின்ட் அடித்த கட்டா என்பதிலும், நைலான் புஷ்ஷா, கிரீஸ் ஏற்றும் போல்ட்டுடன் வெண்கலப் புஷ்ஷா என்பதிலும் உங்கள் கருத்தை அறிய விரும்புகிறேன்.

பட்டறைக்காரன்:

உப்புநீருக்குக் கால்வனைஸ்தான். பட்டைகள் உரசும் இடங்களில் அந்தப் பூச்சும் தேய்ந்து போகும், அதனால் அழியவே அழியாது என்று எண்ண வேண்டாம். ஆனால் பெயின்ட் அந்த இடங்களில் இன்னும் விரைவில் போய்விடும். புஷ்ஷில் எனக்கு வெண்கலம்தான் பிடிக்கும். நைலான் மலிவு, தேயத் தொடங்கினால் வெகு விரைவில் காணாமல் போய் இரும்பும் இரும்பும் உரசும்.

கிரீஸ் போல்ட்டை மாட்டும்போது அதன் பக்கவாட்டில் உள்ள சிறு துளை மேலோ கீழோ பார்க்கக் கூடாது. கடிகாரத்தில் 3 அல்லது 9 இருக்கும் திசையைப் பார்க்க வேண்டும். எடை அழுத்தும் திசையில் துளை இருந்தால் புஷ் அதை அடைத்துக்கொள்ளும், கிரீஸ் வெளியே வராது, துளையின் விளிம்பு வெண்கலத்தைச் சுரண்டவும் செய்யும்.

ஏரிக்கரை:

அண்ணா, வெண்கலப் புஷ் பற்றி ஒரு வேறுபாடு. கிரீஸ் ஏற்றுகிறவருக்குத்தான் அது நன்மை. உப்புநீரில் இரும்புப் போல்ட்டும் வெண்கலமும் தொட்டுக்கொண்டிருக்கும் இடத்தில் கிரீஸ் இல்லாவிட்டால் அரிக்கப்படுவது போல்ட்தான். கிரீஸ் துப்பாக்கியை வெளியே எடுக்காத ஒருவருக்கு நான் நைலானைத்தான் பரிந்துரைப்பேன்.

பட்டறைக்காரன்:

அது நியாயமான பேச்சு. துடுப்பு தம்பி எடைமேடை வரை போய்ப் பார்க்கிறவர். கிரீஸும் ஏற்றுவார் என்று நம்பித்தான் சொன்னேன்.

துடுப்பு:

வேலை முடிந்தது. படகை நண்பர் ஒருவரின் தரிப்பிடத்தில் விட்டுவிட்டு வெறும் டிரெய்லரில் செய்ததால் எரிபொருள் பற்றிய அச்சம் இல்லாமல் போயிற்று.

இடது பின் ஹேங்கரிலிருந்து வந்த போல்ட்டைக் கையில் வைத்துப் பார்த்தபோதுதான் நிலைமை புரிந்தது. 9/16 அங்குல விட்டமுள்ள அந்தப் போல்ட்டின் நடுப்பகுதி ஒரு பக்கமாகத் தேய்ந்து, பிறை வடிவில் பாதியளவே மிஞ்சியிருந்தது. புஷ் என்று எதுவுமே இல்லை. கண்ணுக்குள் கருத்த துருப்பொடி மட்டும் இருந்தது. ஷாக்கிள் தகடுகளின் துளைகள் கண்ணீர்த்துளி வடிவில் நீண்டிருந்தன. புதுக் கட்டை மட்டும் இவற்றில் மாட்டியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று எண்ணிப்பார்க்கவே அஞ்சுகிறேன்.

மாட்டிய பிறகு, கப்ளரின் மையத்திலிருந்து முன் ஆக்சிலின் இரு முனைகளுக்கும் அளந்தேன். வேறுபாடு ⅛ அங்குலத்துக்குள் வந்தது. இரு ஆக்சில்களுக்கு இடையே வலத்திலும் இடத்திலும் ஒரே அளவு. ஈக்வலைசர்கள் மட்டமாக நிற்கின்றன. ஆனால் மெதுவாக ஓட்டும்போது, குறிப்பாகத் திரும்பும்போது, பின்பக்கத்தில் கிறீச்சென்ற ஒலி கேட்கிறது. இது கவலைப்பட வேண்டியதா? எவ்வளவு தூரத்துக்குப் பிறகு மீண்டும் இறுக்கிப் பார்க்க வேண்டும்?

வரைபலகை:

இரட்டை ஆக்சில் டிரெய்லர் திரும்பும்போது டயர்கள் பக்கவாட்டில் இழுபடுவதால் ஷாக்கிள்கள் வளைந்து கொடுக்கின்றன. புதிய தகடுகள் கண்ணின் ஓரத்தில் உரசும் ஒலி சிறிது காலம் இருக்கலாம். ஒலி வரும் ஷாக்கிளில், எடை இறங்கியிருக்காதபோது தகட்டைக் கையால் அசைக்க முடிகிறதா என்று மட்டும் பாருங்கள். அசைந்தால் கிரீஸ் ஏற்றி விட்டுவிடலாம். அசையாவிட்டால் நட்டு அளவுக்கு மேல் இறுகியிருக்கிறது.

பட்டறைக்காரன்:

வீல் நட்டுகளை முதல் 10 மைல், 25 மைல், 50 மைல் ஆகிய மூன்று கட்டங்களிலும் டார்க் ரெஞ்சால் பாருங்கள். யு-போல்ட்டையும் அந்த 50 மைலில் ஒருமுறை பாருங்கள். புதுக் கட்டில் பட்டைகள் ஒன்றோடொன்று படிந்து உட்காரும்போது யு-போல்ட் கட்டாயம் சற்றுத் தளரும். பிறகு பருவத்துக்கு ஒருமுறை போதும். உப்புநீரிலிருந்து ஏறிய அன்றே, வீட்டுக்கு வந்ததும், பட்டைகளின் இடுக்குகளில் நன்னீரைப் பீய்ச்சிக் கழுவுங்கள்.

பழைய கட்டுகளில் உடையாத ஒன்றை வைத்துக்கொள்ளலாம் என்று தோன்றும், வேண்டாம். அதற்குப் பதிலாகப் புதுக் கட்டு ஒன்று, யு-போல்ட் இரண்டு, கண் போல்ட் இரண்டு, ஷாக்கிள் தகடு ஒரு சோடி ஆகியவற்றை நெடும்பயணத்தில் வண்டியில் வைத்திருங்கள். அரை அங்குல யு-போல்ட் நட்டுக்கு ¾ அங்குல சாக்கெட்டும், 9/16 அங்குல போல்ட்டின் நட்டுக்கு ⅞ அங்குல சாக்கெட்டும் வேண்டும். காரில் வைத்திருக்கும் சாதாரண டூல் செட்டில் ⅞ பெரும்பாலும் இருக்காது, தனியாக வாங்கிப் போட்டுக்கொள்ளுங்கள்.